பதினைந்து மாணவர்கள் தட்டிய கதவுகள்



வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த பழமொழிதான். ஆனால் அந்த அணையை யார் கோலுவது?

அரசாங்கம் கோல வேண்டும். தீயணைப்புப் படை வர வேண்டும். டாக்டர் வர வேண்டும். இது சரியான பதில். இருந்தாலும் இதில் ஒரு குறை இருக்கிறது. தீ பிடித்த முதல் பத்து நிமிடத்தில் அங்கே யார் இருப்பார்கள்? தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த முதல் இரவில் யார் இருப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரர்தான் இருப்பார். எதிர் வீட்டு அக்கா இருப்பார். தெருமுனையில் நிற்கும் கல்லூரிப் பையன் இருப்பான்.

அவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருந்தால் உயிர் பிழைக்கும். தெரியாவிட்டால் கை இருந்தும் உதவி இல்லை.

அந்த அறிவை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த சில மாணவர்களின் கதைதான் இன்றைய பேச்சு. அது நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், கொல்கத்தா நகரத்தில் நடந்தது. அப்போது அதன் பெயர் கல்கத்தா. 2001ஆம் ஆண்டில்தான் கொல்கத்தா என்று மாற்றினார்கள்.

எலி செத்து விழுந்த காலம்

1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. கடும் காய்ச்சல் வரும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும். சில நாட்களில் ஆள் போய்விடுவார். இன்று பிளேக்கைக் குணப்படுத்த மருந்து இருக்கிறது. அன்று இல்லை.

பிளேக் எப்படிப் பரவுகிறது? எலியின் உடம்பில் உண்ணி போன்ற சிறு பூச்சி வாழ்கிறது. அதைத் தெள்ளுப் பூச்சி என்பார்கள். நோய் கண்ட எலியின் இரத்தத்தை அது குடிக்கிறது. எலி செத்துவிட்டால் பூச்சி வேறு உடம்பைத் தேடும். மனிதரைக் கடிக்கும். நோய்க் கிருமி மனிதருக்குள் போய்விடும். ஆகவே வீட்டில் எலி செத்து விழுந்தால் அது அபாய மணி.

இந்த உண்மையை 1898இல்தான் சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில் கண்டுபிடித்தார். மற்ற டாக்டர்கள் அதை ஏற்றுக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே அன்று சாதாரண மக்களுக்கு இது எதுவும் தெரியாது. குப்பையும் அடைத்துக்கொண்ட சாக்கடையும் நோய்க்கு நல்லது இல்லை என்பது மட்டும் தெரியும். குப்பை இருக்கும் இடத்தில்தானே எலியும் இருக்கும்? அதனால் குப்பையை அகற்றுவது அன்றும் சரியான வேலைதான்.

1898 ஏப்ரல் மாதம் பிளேக் கல்கத்தாவுக்கு வந்தது.

பயம் என்னும் இன்னொரு நோய்

நோய்க்கு முன்னால் பயம் பரவியது. மக்கள் மூட்டை முடிச்சுகளைக் கட்டினார்கள். கூட்டம் கூட்டமாக நகரத்தை விட்டு ஓடினார்கள். வதந்திகள் பறந்தன. வீடு புகுந்து பலவந்தமாக ஊசி போடுவார்கள் என்றார்கள். பெண்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள் என்றார்கள். தெருக்களில் கலகம்கூட நடந்தது.

மக்கள் ஏன் இப்படிப் பயந்தார்கள்? காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு புனே நகரத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அங்கே நோயாளிகளைத் தேட வெள்ளைக்கார சிப்பாய்களை அனுப்பினார்கள். அவர்கள் அடுப்படிக்குள் போனார்கள். பூசை அறைக்குள் போனார்கள். பெண்களை அவமானப்படுத்தினார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் 1897 ஜூன் 22 அன்று ராண்ட் என்ற பிளேக் அதிகாரியைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தார்.

நோயைத் தடுக்கத்தான் சிப்பாய்கள் போனார்கள். ஆனால் மக்களை எதிரிபோல நடத்தினால் மக்கள் நோயாளியை ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைத்தால் நோய் இன்னும் பரவும். புனேயில் கிடைத்த பாடம் இதுதான்.

கல்கத்தாவில் பிளேக் என்ற செய்தி வந்தபோது சுவாமி விவேகானந்தர் டார்ஜீலிங் மலையில் இருந்தார். உடல்நிலை சரியில்லை. இருந்தும் உடனே இறங்கி வந்தார். 1898 மே மாதத் தொடக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் தயாரித்தார். அது ஆங்கிலத்தில் இல்லை. மக்கள் பேசும் வங்காளியிலும் இந்தியிலும் இருந்தது.

அதில் என்ன சொன்னார்? பயப்படாதீர்கள் என்றார். வதந்தியை நம்பாதீர்கள் என்றார். யாருக்கும் பலவந்தமாகத் தடுப்பூசி போட மாட்டார்கள் என்றார். வீட்டையும் துணியையும் படுக்கையையும் சாக்கடையையும் சுத்தமாக வைத்திருங்கள் என்றார். கெட்டுப்போன பழைய சோற்றைச் சாப்பிடாதீர்கள் என்றார். உதவி இல்லாதவர்கள் மடத்துக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார்.

உதவிக்குப் பணம் எங்கே என்று சீடர் ஒருவர் கேட்டார். மடம் கட்டுவதற்காக அப்போதுதான் நிலம் வாங்கியிருந்தார்கள். தேவைப்பட்டால் அந்த நிலத்தையே விற்போம் என்றார் விவேகானந்தர்.

நாடக அரங்கில் ஒரு கேள்வி

அடுத்த ஆண்டும் பிளேக் வந்தது. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. 1899 மார்ச் 31 அன்று ராமகிருஷ்ண மிஷன் வேலையைத் தொடங்கியது. பாக்பஜார், சியாம்பஜார் பகுதிகளில் குடிசைகள் நெருக்கமாக இருந்தன. அந்தக் குடிசைப் பகுதிகளை அங்கே பஸ்தி என்பார்கள்.

வேலைக்குச் செயலாளர் சகோதரி நிவேதிதை. இவர் அயர்லாந்தில் பிறந்தவர். மார்கரெட் நோபிள் என்பது இயற்பெயர். இங்கிலாந்தில் ஆசிரியையாக இருந்தார். 1898 ஜனவரியில் கல்கத்தா வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் பாக்பஜாரில் பெண் குழந்தைகளுக்கு ஒரு சிறு பள்ளிக்கூடம் தொடங்கினார். நம் பாரதியார் பின்னாளில் குருவாகப் போற்றியது இவரைத்தான்.

களத்தில் தலைமை வகித்தவர் சுவாமி சதானந்தர். இவர் ஒரு காலத்தில் ஹாத்ரஸ் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். துப்புரவுத் தொழிலாளர்களோடு சேர்ந்து பஸ்திகளில் இறங்கினார். குப்பை மேடுகளை அகற்றினார். சாக்கடைகளைச் சுத்தம் செய்ய வைத்தார்.

ஆனால் குப்பையை ஒரு முறை அள்ளினால் போதுமா? மறுநாள் மீண்டும் சேரும். குடிசைக்குள் இருப்பவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். வீடு வீடாகப் போக வேண்டும். பொறுமையாகப் பேச வேண்டும்.

1899 ஏப்ரல் மாதம் கிளாசிக் தியேட்டர் என்ற நாடக அரங்கில் ஒரு கூட்டம் கூடியது. விவேகானந்தர் தலைமை வகித்தார். நிவேதிதை பேசினார். பிளேக்கும் மாணவர்களின் கடமையும் என்பது பேச்சின் தலைப்பு. எத்தனை பேர் வரத் தயார் என்பதுதான் அங்கே கேள்வி. அரங்கில் கைதட்டுவது சுலபம். பிளேக் நடமாடும் குடிசைக்குள் காலெடுத்து வைப்பது சுலபம் இல்லை.

சுமார் பதினைந்து மாணவர்கள் பெயர் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய நகரத்தில் பதினைந்து பேர்! குறைவுதான். ஆனால் வேலை தொடங்கிவிட்டது.

மாணவர்கள் என்ன செய்தார்கள்?

அவர்கள் செய்த வேலை மூன்று.

முதல் வேலை, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. எந்தக் குடிசையைச் சுற்றிக் குப்பை இருக்கிறது? எங்கே சாக்கடை தேங்கி நிற்கிறது? இதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இரண்டாவது வேலை, சுகாதாரத் துண்டுப் பிரசுரம் கொடுப்பது. பஸ்தியில் இருந்தவர்களில் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? காகிதத்தைக் கையில் திணித்துவிட்டு வந்தால் அது அடுப்பு மூட்டத்தான் உதவும். ஆகவே மாணவர்கள் மக்களோடு அமைதியாக உட்கார்ந்து பேசவும் செய்தார்கள். எழுத்து தெரிந்தவர் எழுத்து தெரியாதவருக்கு வாயாகவும் கண்ணாகவும் இருந்தார்.

மூன்றாவது வேலைதான் மிக முக்கியம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்கள் ராமகாந்த போஸ் தெருவில் 57ஆம் எண் வீட்டில் கூடினார்கள். அந்த வாரம் பார்த்ததை நிவேதிதையிடம் அறிக்கையாகக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இதை நன்றாகக் கவனியுங்கள். போனார்கள், பார்த்தார்கள், பேசினார்கள். அதோடு நிற்கவில்லை. திரும்பி வந்து யோசித்தார்கள். தவறைத் திருத்திக்கொண்டு மீண்டும் போனார்கள். இன்று கல்வி அறிஞர்கள் இதைச் சேவைவழிக் கல்வி என்கிறார்கள். ஊருக்கு உழைப்பதும், அந்த உழைப்பிலிருந்து படிப்பதும் இதில் ஒன்றாக நடக்கின்றன.

புத்தகத்தில் சுகாதாரம் என்று ஒரு பாடம் இருக்கும். சுத்தமாக இரு என்று அது சொல்லும். குடிசைக்குப் போன மாணவனுக்குத்தான் அடுத்த கேள்வி எழும். குப்பையைக் கொட்ட வேறு இடமே இல்லாதவர் என்ன செய்வார்? அந்தக் கேள்வியோடு வகுப்புக்குத் திரும்புகிறவன் பாடத்தை வேறு கண்ணால் படிப்பான்.

கையில் துடைப்பம்

வேலை சொல்பவர் வேலை செய்யாவிட்டால் யார் மதிப்பார்கள்? நிவேதிதை ஒரு நாள் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். பாக்பஜார் தெருவைத் தாமே கூட்டத் தொடங்கினார். பார்த்துக்கொண்டு நின்ற அந்தத் தெரு இளைஞர்கள் வெட்கப்பட்டார்கள். அவர்களும் துடைப்பம் எடுத்தார்கள்.

ராதா கோபிந்த கர் என்ற டாக்டர் அப்போது பாக்பஜாரில் பிளேக் நோயாளிகளைப் பார்த்து வந்தார். கொல்கத்தாவில் உள்ள ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரிக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் மத்தியானம் நிவேதிதை இவரைத் தேடி வந்தார். காலையில் பார்த்த பஸ்திக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நிலைமை மோசம் என்றார் டாக்டர். பஸ்திக்குப் போனால் எச்சரிக்கையாக இருங்கள் என்றும் சொன்னார்.

சாயங்காலம் டாக்டர் அந்தக் குடிசைக்குப் போனார். ஈரம் கசியும் இருட்டுக் குடிசை. தாய் ஏற்கெனவே இறந்துவிட்டாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிவேதிதை உட்கார்ந்திருந்தார். இரவும் பகலும் அங்கேயே இருந்தார். கிருமி போகக் குடிசைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது. சிறு ஏணியை வைத்துத் தாமே ஏறி அடித்தார். இரண்டு நாளில் குழந்தை அவர் மடியிலேயே இறந்தது.

எல்லா உயிரையும் காப்பாற்ற முடியவில்லை. பிளேக்கும் அந்த ஆண்டோடு கல்கத்தாவை விட்டுப் போகவில்லை. பின்பும் பல ஆண்டுகள் வந்தது. பதினைந்து மாணவர்கள் ஒரு கொள்ளை நோயை விரட்டிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். அவர்கள் செய்தது வேறு. கதவைத் தட்டியவர் எதிரி இல்லை என்று மக்களுக்குக் காட்டினார்கள்.

புனேயில் சிப்பாய் கதவைத் தட்டினான். கல்கத்தாவில் மாணவன் கதவைத் தட்டினான். இரண்டு இடத்திலும் நோயும் ஒன்றுதான், நோக்கமும் ஒன்றுதான். அங்கே கதவை அடைத்தார்கள். இங்கே உட்கார வைத்துப் பேசினார்கள். ஆபத்துக்குத் தயாராவதில் முதல் பொருள் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. நம்பிக்கைதான் முதல் பொருள். அதை ஆபத்து வந்த பிறகு கடையில் வாங்க முடியாது.

நம் காலத்து ஆபத்துகள்

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். அதே கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அன்று விடியும் முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. தாகுரியா என்ற பகுதி. தீ அடித்தளத்தில் பிடித்தது. புகை மாடிகளுக்கு ஏறியது. 90 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள்.

புகையை முதலில் பார்த்தவர்களில் பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்களும் உண்டு. உதவி செய்ய ஓடி வந்தார்கள். முதலில் காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவர்களே உள்ளே ஏறிப் பல நோயாளிகளை வெளியே கொண்டு வந்தார்கள். கைகள் தயாராக இருந்தன. ஆனால் எந்த வாசல், யாரிடம் சாவி, யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வைத்த ஏற்பாடு இல்லை.

2020 மே 20 அன்று அம்பான் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. நம் தமிழ்நாட்டிலும் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தது. 94 குழந்தைகள் மடிந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. 2015இல் சென்னை வெள்ளம் வந்தது. ஆபத்துக்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

தயாராக இருந்தவர்கள் எப்படித் தப்பினார்கள்? ஜப்பானில் கமைஷி என்று ஒரு கடலோர நகரம் இருக்கிறது. அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் சுனாமியைப் பற்றி வகுப்பில் படித்தார்கள். படித்ததோடு நிற்காமல் ஊருக்குள் போனார்கள். வீடுகளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். வீட்டை விட்டுத் தப்பிப் போகும்போது அதை வாசலில் மாட்ட வேண்டும். அட்டையைப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை என்று தெரியும். தேடுகிறேன் என்று உள்ளே போய் இன்னொருவர் உயிரை விட வேண்டாம்.

2011 மார்ச் 11 அன்று பூமி குலுங்கியது. அந்த மாணவர்கள் உடனே மேட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளும் ஓடினார்கள். பெரிய பிள்ளைகள் சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சுனாமி இரண்டு பள்ளிக்கூடங்களையும் மூழ்கடித்தது. ஆனால் அங்கிருந்து ஓடிய ஐநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள்.

நம் தெருவில் தொடங்கலாம்

இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் அது தொடங்கியது. இன்று கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் உள்ளது. மரம் நடுகிறார்கள், கோயில் குளத்தைத் தூர் வாருகிறார்கள். நல்ல வேலைதான். அதோடு தெருவை ஆபத்துக்குத் தயார் செய்யும் வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தெருவில் தானாக நடக்க முடியாத முதியவர் யார்? கர்ப்பிணிப் பெண் யார்? கண் தெரியாதவர், காது கேளாதவர் யார்? தனியாக இருப்பவர் யார்? அவர்கள் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு துணையை முடிவு செய்யுங்கள். ஆம்புலன்ஸ் எந்தச் சந்து வழியாக வரும்? மழை பெய்தால் தண்ணீர் முதலில் எங்கே நிற்கும்? அதையும் குறியுங்கள்.

பிறகு வீடு வீடாகப் பேசுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வருமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் நிற்கும் மின்கம்பத்தைத் தொடக் கூடாது. கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறக்க வேண்டும். புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாமல் தரையோடு தவழ்ந்து வர வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பட்டா எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

நான்கு எண்களைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். எந்த அவசரத்துக்கும் 112. தீக்கு 101. ஆம்புலன்ஸுக்கு 108. வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. எழுத்துக் கற்ற ஒவ்வொருவரும் இதைப் படிக்கலாம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டலாம். படித்த எழுத்துக்கு இதைவிட நல்ல பயன் என்ன இருக்கிறது?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எரியும் வீட்டுக்குள் பாய்வது மாணவர் வேலை இல்லை. ஓடும் வெள்ளத்தில் குதிப்பதும் இல்லை. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. மாணவர்களின் வேலை ஆபத்து வருமுன்னே முடிய வேண்டிய வேலை.

கடைசியாக, கல்கத்தா மாணவர்களின் ஞாயிற்றுக்கிழமையை மறக்க வேண்டாம். மாதம் ஒரு முறையாவது கூடுங்கள். எழுதியதைச் சரி பாருங்கள். குடி மாறிப் போனவர் பெயரை அடியுங்கள். புதிதாக வந்தவரைச் சேருங்கள். ஒரு நாள் ஊர்வலம் போய்ப் படம் எடுத்துக்கொண்டால் அடுத்த வாரமே எல்லோரும் மறந்துவிடுவார்கள். மாதாமாதம் நடக்கும் சின்ன வேலைதான் ஆபத்து நேரத்தில் கை கொடுக்கும்.

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்றே ஒன்று யோசியுங்கள். உங்கள் தெருவில் இன்றிரவு தண்ணீர் புகுந்தால், முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்? பதில் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் நாளைக் காலையில் அந்தத் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள்.